கையை விடாமல் ஒரு படம்

ஒரு கேமரா உறை வாங்க மனிதன் ஒன்றரை மாதம் அலைவானா? நான் அலைந்தேன். காலமெல்லாம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்காமல் விடமாட்டேன் என்பது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. என் மனைவியின் கையை விடாமல் அவளை ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவளுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. வீட்டு ஆல்பங்களில் எல்லோரும் இருக்கிறோம், அவள் மட்டும் இல்லை. ஏனென்றால் படம் எடுத்தது அவள். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னக் கேமராவை யாரிடமும் தரமாட்டாள். இப்போது அவள் முகம் மாதத்துக்கு மாதம் வெறிச்சோடிக்கொண்டே வருகிறது. முழுக்கப் போவதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும். எதற்கு என்று மகள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், அவளுக்குப் பிறகு சுவரில் மாட்டத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குள் இருந்தால் அந்த முகத்தில் ஒன்றும் இருக்காது. உழவர்கரையிலிருந்து ஆட்டோ பிடித்து, மாலையில் வண்டிகள் வராமல் மறித்த பிறகு கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போனால், காற்று பட்டதும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ பழைய ஆள் எட்டிப் பார்ப்பாள். அப்போதுதான் எடுக்க வேண்டும். கையை மட்டும் விடக் கூடாது. ஒருமுறை வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்காக விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால் பக்கத்துக் குருசுக்குப்பத்தில் மீன்காரப் பெண்கள் அவளை நிழலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து என் இடது கை அவளுடையது. வலது கையில் தண்ணீர், பிஸ்கட், மாற்றுத் துணி எல்லாம் அடைத்த பை. கேமராவைப் பிடிக்கக் கைக்கு எங்கே போவது?

"ஏம்ப்பா, போன்ல எடுக்க வேண்டியதுதானே?" என்றாள் மகள். அவள் இருப்பது பாரிசுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் சுலபம். நான் போனைத் தூக்கினாலே, மகள் பேசுகிறாள் என்று என் மனைவி பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் குரல் வராவிட்டால் அழுவாள். கேமராவுக்கு மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஆகவே கேமராதான். அதை உடம்பில் எங்காவது தொங்கவிட்டு, ஒரு கையால் திறந்து எடுக்கும்படி ஓர் உறை வேண்டும்.

முதலில் இடுப்பில் மாட்டும் உறை வாங்கினேன். ஓய்வு பெற்ற அன்றே பேண்டுக்கும் எனக்கும் உறவு அறுந்துவிட்டது. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டி அதில் கோத்தேன். கேமராவின் கனத்தில் பெல்ட் ஒரு பக்கம் இறங்கியது, வேட்டி மறுபக்கம் நழுவியது. காந்தி சிலைக்கு முன்னால் அத்தனை சுற்றுலாக்காரர்கள் மத்தியில் என் மானம் போகப் பார்த்தது.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்த, தோளில் குறுக்கே போடும் பை. அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தபோது அது முன்னால் சரிந்து அவள் முழங்காலில் இடித்தது. முன்பு போல இருந்தால் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அவளோ, "மன்னிச்சுக்குங்க" என்றாள். அந்தப் பையை அப்புறம் தொடவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தது மார்பில் மாட்டுவது. இரண்டு தோளிலும் பட்டை, முதுகில் ஒரு கொக்கி, நெஞ்சுக்கு நடுவில் கேமரா அளவுக்கு ஒரு கெட்டியான கூடு. ஆடாது, சரியாது, குனிந்தாலும் விழாது. ஒரே குறை, மூடி வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் இருந்தது. பிரித்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை கேட்டதும் அவள் திடுக்கிட்டு என் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தட்டாஞ்சாவடியில் பை தைக்கும் பட்டறை ஒன்றுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். தைப்பவர் என் வயதுள்ள பாய். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டுப்பட்டைன்னா பத்து வருசம் ஒழைக்கும் சார். இத ஏன் எடுக்கச் சொல்றீங்க?"

"பத்து வருசம் யாருக்கு வேணும் பாய்? சத்தம் வரக் கூடாது. அவ்ளோதான்."

அவர் பக்கத்து முக்காலியில் இருந்த அவளைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். பட்டையைப் பிரித்துவிட்டுக் காந்தப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவள் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, சிரித்தாள். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

மறுநாள் மாலை கடற்கரையில் சிமெண்ட் இருக்கை ஒன்றில் உட்கார்ந்தோம். பையைக் காலடியில் வைத்தேன். கடல் கொஞ்சம் இரைச்சலாக இருந்தது. சற்று நேரத்தில் அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. அவள் கையைப் பிடித்தபடியே வலது கையால் மூடியைத் திறந்தேன், கேமராவை எடுத்தேன், பொத்தானை அழுத்தினேன். லென்ஸ் வெளியே வந்தது. எல்லாம் நான் வீட்டில் பழகிப் பார்த்தபடியே நடந்தது. அவளும் முந்தானையை இழுத்துவிட்டு, நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

பிறகு என் மார்பின் பட்டைகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் என் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்தாள்.

"போட்டோக்காரரே, தப்பா எடுத்துக்காதீங்க. தனியா எடுத்துக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துடுவாரு. வந்ததும் ரெண்டு பேரையும் சேத்து எடுங்க."

நான்தான்டி என்று வாய்வரை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆம்பளை டி போட்டுப் பேசினால் பயந்துவிடுவாளே என்று விழுங்கினேன்.

"கைய விடுங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "அவரு பாத்தா என்னா நெனப்பாரு?"

கோபமே இல்லை, வெறும் கூச்சம்தான். நாற்பது வருடத்துக்குமேல் பிடித்த கை. ஒன்றரை மாதம் நான் பட்ட பாடெல்லாம் அதை விடாமல் இருக்கத்தான். விட்டேன்.

அவள் ஓடவில்லை. ஓரடி தள்ளி உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, அவர் வருகிறாரா என்று சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் நான் பள்ளி விட்டு வரும்போது ஜன்னலில் தெரிந்த முகம் அது. மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த முகம். இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து எடுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

எடுத்த பிறகு பட்டைகளைக் கழற்றி, உறையோடு எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அவளுக்கு நான் அப்போதும் போட்டோக்காரன்தான். விளக்குகள் போடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் வரவில்லை.