மணி அடித்தவரின் மெழுகுதிரி

நெடுந்தீவில் கத்தோலிக்கக் கோயில் மணி அடித்தவர் அவர். நெட்டையான, சற்றே கூனல் விழுந்த மனிதர். எதையும் பேசத் தொடங்குமுன் வலது கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொள்வார். எல்லாச் சபைகளும் சேர்ந்தால்தான் உண்மையான திருச்சபை என்பது அவருடைய கட்சி. புரொட்டஸ்தாந்து ஆசிரியரான என் அப்பாவோ, "முதல்ல உந்த மெழுகுதிரியளை விட்டிட்டு வாரும், பிறகு பாப்பம்" என்பார். வருடக்கணக்காக இதே வாக்குவாதம்.

சண்டையால் படகு நின்றிருந்த ஒரு வாரத்தில் அப்பா இறந்துபோனார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் போதகரால் வர முடியவில்லை. மணி அடிப்பவர்தான் தங்கள் சுவாமியாரிடம் பேசி, கத்தோலிக்கச் சேமக்காலையில் அப்பாவைப் புதைக்க இடம் வாங்கித் தந்தார்.

அடுத்து வந்த மரித்தோர் நினைவு நாளில் அங்கே போனேன். எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அப்பாவுடையதில் மட்டும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"செத்த பிறகும் நாங்கள் பிறத்தியார்தானோ அண்ணை?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, விடிய வந்து புல்லுப் பிடுங்கினது நான்தான். திரியும் கொண்டுவந்தனான். ஆனால் மாஸ்டர் அது வேண்டாம் எண்டு சொன்னவர். அவர் மறுமொழி சொல்ல ஏலாமல் கிடக்கேக்கை, நான் கொளுத்தி வெல்லுறது சரியில்லை."

மடியிலிருந்து அந்தத் திரியை எடுத்துக் காட்டினார். உடம்புச் சூட்டில் அது வளைந்துபோயிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தனை வருட வாக்குவாதத்தில் அப்பா தோற்றது அன்றைக்குத்தான்.