கேஸ் நடக்கட்டும் என்றார்

1968, கோடை. பி.எல். முடித்துத் திருப்பூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. கோர்ட்டுக்கு நடந்து போகவே எனக்குத் தெரியாது, ஓட்டம்தான்.

அப்போது சீனியரிடம் மறுபடி வந்தது ஐந்து வருஷத்துப் பழைய கேஸ் ஒன்று. பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர், புத்தி தடுமாறிய நிலையில், துணி வெட்டும் பெரிய கத்திரியால் மனைவியின் தம்பியான மைத்துனனையே தாக்கியிருந்தார். என்ன கேட்டாலும் புரியாத ஆளை விசாரிக்க முடியாது என்று கோர்ட் அவரை மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. தெளியும்வரை ஆள் அங்கே, வழக்கு இங்கே. ஜெயில் தண்டனைக்காவது முடிவு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. அப்படியே ஐந்து வருஷமும் ஓடிவிட்டது.

தெளிந்துவிட்டார் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்க, போலீஸ் காவலில் வந்து சேர்ந்தார். உள்ளே இருந்த காலமே போதும், வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று சர்க்கார் தரப்பும் இறங்கி வந்தது. சந்தோஷச் செய்தியோடு கோர்ட் வராந்தாவுக்கு ஓடினேன். பெஞ்சில் அவர், மனைவி, காவலுக்கு ஒரு ஏட்டு.

"கேஸே இல்லீங்க. இன்னைக்கே ஊட்டுக்குப் போயிரலாம்!"

"ஏனுங்க தம்பி, அப்படின்னா சாட்சி வரமாட்டாங்களா?"

"எதுக்குங்க சாட்சி?"

"அப்ப வேண்டாங்க. கேஸ் நடக்கட்டும்."

ஏட்டு சிரித்துவிட்டார். "கதவத் தொறந்து உட்டாலும் போகமாட்டேங்கறியே! டாக்டர் சர்ட்டிபிகேட்டத் திருப்பி அனுப்பிச்சரட்டுமா?"

அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் என்னமோ பண்ணீட்டனுங்க. என்னன்னு நெனப்பே இல்லை. இவளக் கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. மாப்ள ஒருக்காகூட என்னைய வந்து பாக்கலை. உசுரோட இருக்கானான்னா, இருக்கான்ங்கறா. எப்படீங்க நம்பறது? கோர்ட்டுல சத்தியம் பண்ணித்தானுங்களே சொல்லோணும்?"

"நெசமா இருக்காருங்க" என்றேன். என்னையும், ஒன்றுமில்லை என்று மூடி மறைக்கும் அந்த நல்லவர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஜெயிலுக்குக்கூடப் போக நேரலாம் என்று பயமுறுத்திப் பார்த்தேன். அசையவில்லை. சீனியர் தலையில் அடித்துக்கொண்டார்.

சர்க்கார் தரப்பும் வாபஸ் பேச்சை விட்டது; விசாரணை நடந்தது. மைத்துனன் கூண்டேறியதும் இவருடைய தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் வலது கை துண்டுக்குள் இருந்தது.

சத்தியம் செய்த வாயால் அவன் சொன்னது: "பெருசா ஒண்ணுமில்லீங்க சாமி. ஏதோ கை வழுக்கிருச்சுங்க."

எங்களுக்குச் சாதகமான சாட்சி! துள்ளிக் குதிக்காத குறைதான் எனக்கு.

"மாப்ள, துண்ட எடு."

குற்றவாளிக் கூண்டிலிருந்து வந்த குரல். மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார், ஏனோ அதட்டவில்லை. துண்டு விலகியது. கட்டைவிரல் மட்டும் இருந்தது.

"சோறு எப்படிடா திங்கறே?"

"எடது கையிலதானுங்க மச்சான்."

அவர் அழவில்லை. கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தபடி நின்றார்.

சம்பவத்தின்போது சுயபுத்தியில் இல்லை என்று தீர்ப்பாகி, குற்றம் அவர்மேல் நிற்கவில்லை. ஆனாலும் இனி யாருக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று உறவினர் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஆஸ்பத்திரிதான். மனைவி முன்னால் வந்தாள். அவர் தடுத்தார்.

"அவனக் கேளுங்க. அதே ஊட்டுல இருக்கறவன். அவனுக்குப் பயமில்லீன்னா வர்றனுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பான் என்று காத்திருந்தேன்.

"பயமாத்தானுங்க இருக்குது மச்சான்" என்றான். "இருந்தாலும் வாங்க, போலாம்."

அப்போதுதான் அவர் அழுதார்.

இப்போதும் மனம் உடைந்த யாரிடமாவது "ஒன்றுமில்லை" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவர்களுக்கு உண்மையைத் தாங்கும் பலம் இல்லை என்று முடிவு கட்ட நான் யார் என்று தோன்றி, நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது.