ஓரெஸ்ட் கவுபெல் கண்டெடுத்த ஓஸ்டாஃபி

ஹாமில்டன் லான்சர்ஸ் பனி ஹாக்கி அணி தொடங்கி ஐம்பது வருடம் ஆனதை முன்னிட்டு, அணியின் வரலாற்றிலேயே டிராஃப்டில் எடுத்த சிறந்த பத்து ஆட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். யார்க்டனில் புரோபேன் எரிவாயு லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஓரெஸ்ட் கவுபெல்லுக்கு அவர் மனைவி வெர்னா அதைக் காலைக் காப்பியோடு வாசித்துக் காட்டினாள். பத்தாவது இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, இரண்டாவது முடிந்ததும் நிறுத்தினாள்.

"மொத எடம் யாருன்னு சொல்லட்டுமா?"

"வேணாம்," என்றார் ஓரெஸ்ட்.

"டுவேன் ஓஸ்டாஃபி."

"வேணாம்னு சொன்னேனில்ல?"

"கண்டுபிடிச்சவர் ஓரெஸ்ட் கவுபெல்னு உன் பேரையும் போட்டிருக்கான். போட்டோ வேற. தொப்பி இல்லாம எடுத்தது, பாவம்."

ஓரெஸ்ட் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அதற்குமேல் இறங்கவில்லை. இருபத்தொன்பது வருடமாக ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிற மனிதருக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும்? அது என்ன விஷயம் என்பது உலகத்தில் அவருக்கும் வெர்னாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதில் ஓரெஸ்ட்டும் ஹாக்கி ஆடியவர்தான். பத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. அதன்பிறகு லாரிக்கு வந்துவிட்டார். சஸ்காச்சுவனில் அந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளுக்கெல்லாம் அவர்தான் புரோபேன் நிரப்புவார். ஒவ்வொரு ஊர் ஹாக்கித் திடலிலும் பனியை மழமழவென்று இழைக்கிற வண்டி ஒன்று இருக்கும், அதற்கும் புரோபேன்தான். ஆகவே ஓரெஸ்ட்டின் கால் படாத திடல் கிடையாது. எந்த ஊரில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான், எவனுக்கு அப்பாவோடு சண்டை, எவனுக்குக் காலணி பத்தவில்லை எல்லாம் அவருக்கு அத்துப்படி.

லான்சர்ஸுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடும் தலைமைத் தேர்வாளர் லோர்ன் ஹென்ஷா ஒரு குளிர்காலத்தில் கார் பழுதாகி நடுவழியில் நின்றபோது, ஏற்றிக்கொண்டுபோனது ஓரெஸ்ட்டின் லாரிதான். எண்பது கிலோமீட்டர் தூரமும் ஓரெஸ்ட் ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசினார். இறங்கும்போது ஹென்ஷா, "யோவ், இதையெல்லாம் எழுதி அனுப்புவியா?" என்று கேட்டார். அப்படித்தான் ஓரெஸ்ட் அந்த அணிக்குப் பகுதிநேரத் தேர்வாளர் ஆனார்.

அவர் எழுதும் விதமே தனி. மற்றவர்கள் உயரம், எடை, வேகம் என்று எண்களாக அனுப்புவார்கள். ஓரெஸ்ட், "இடுப்பில் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடுகிறான்" என்று எழுதுவார். ஒரு கோல் காப்பாளனைப் பற்றி, "இரண்டு பக்கமும் கதவு திறந்த மாட்டுக்கொட்டில், உள்ளே வருகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிறான்" என்று எழுதினார். ஹாமில்டன் அலுவலகத்தில் அவருடைய கடிதம் வந்தால் கூடிநின்று சத்தமாக வாசிப்பார்களாம்.

ஓரெஸ்ட்டுக்கு இன்னொரு பித்தும் இருந்தது. பிரோகி. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மூடி, கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்து, வதக்கிய வெங்காயத்தைத் தலையில் கொட்டித் தருகிற கொழுக்கட்டை. எந்தத் திடலுக்குப் போனாலும் அங்கே உள்ள சிற்றுண்டிக் கடையில் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்து, அதைப் பற்றியும் எழுதி வைப்பார். ஆட்டக்காரர்களுக்கும் பிரோகிக்கும் ஒரே நோட்டுப் புத்தகம். வெர்னா தட்டச்சு செய்யும்போது சாப்பாட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆட்களை மட்டும் எடுத்து அனுப்புவாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் வெர்னாவின் அக்காவுக்கு மூஸ் ஜாவில் அறுவை சிகிச்சை. வெர்னா இரண்டு வாரம் அங்கே போய்விட்டாள். ஹென்ஷாவோ தாள் எங்கே, தாள் எங்கே என்று தொலைபேசியில் பிடுங்கினார். ஓரெஸ்ட்டுக்குத் தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் சொருகக்கூடத் தெரியாது. நோட்டிலிருந்து பக்கங்களைக் கிழித்தார், உறையில் போட்டார், அனுப்பிவிட்டார்.

ஜூன் மாதம் டிராஃப்ட். எல்லா அணிகளும் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். மதியம் ஹென்ஷா கூப்பிட்டார்.

"ஓரெஸ்ட், உன் ஆளை எடுத்துட்டோம்யா! கடைசிச் சுத்துல!"

"எந்த ஆள்?"

"ஓஸ்டாஃபி. டோப்ரோவா ஊருக்காரன். என்னமா எழுதியிருந்தே! இங்க எங்க மொதலாளி அதை மூணு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு."

டோப்ரோவா என்றதும் ஓரெஸ்ட்டுக்கு ஒரு தட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதன்பிறகு அந்தத் தட்டை நீட்டிய அம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். நெட்டி ஓஸ்டாஃபி. டோப்ரோவா திடலில் சிற்றுண்டிக் கடை போட்டிருப்பவள். அவர் எழுதியிருந்தது இதுதான்:

"ஓஸ்டாஃபி, டோப்ரோவா. வெளியே கெட்டி, உள்ளே மிருது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பிரிவதில்லை. பார்க்க அழகில்லை, ஓரமெல்லாம் கோணல். ஆனால் ஒருமுறை கிடைத்தால் விடவே மாட்டீர்கள். வெங்காயம் கொஞ்சம் தூக்கல். முப்பது ஊர் சுற்றிவிட்டேன், எங்கும் ஈடு கிடையாது."

நெட்டியின் மகன் டுவேன் அந்த ஊர் அணியில் தடுப்பாட்டக்காரன். ஹாமில்டனில் ஓஸ்டாஃபி என்ற பெயரைப் பட்டியலில் தேடியிருக்கிறார்கள், அவன்தான் கிடைத்திருக்கிறான்.

"அந்த வெங்காயம் மட்டும் எங்களுக்குப் புரியல," என்றார் ஹென்ஷா. "அப்புறம் நான்தான் வெளக்கினேன். எதிராளிய அழ வைக்கிறானாம், அதானே?"

"அ... அதான்," என்றார் ஓரெஸ்ட்.

வெர்னாவிடம் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "உடனே கூப்பிட்டு உண்மையச் சொல்லிடு," என்றாள்.

"எதுக்கு? பயிற்சி முகாமுக்குப் போவான், ரெண்டே நாள்ல அனுப்பிடுவானுங்க. தானா சரியாயிடும்."

"அந்தப் பையன் மனசு?"

அது ஓரெஸ்ட்டை உறுத்தியது. ஜூலையில் லாரியை எடுத்துக்கொண்டு டோப்ரோவா போனார். பக்குவமாகச் சொல்லிவிடுவது என்றுதான் திட்டம். டுவேன் வயலில் வைக்கோல் கட்டுகளைத் தூக்கி வண்டியில் எறிந்துகொண்டிருந்தான். ஆறடி மூன்று அங்குலம், பெரிய காது, வெட்கத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். ஹென்ஷா அனுப்பிய நகல்.

"மிஸ்டர் கவுபெல், என்னைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வரிகூட எழுதினதில்ல."

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றினார். "தம்பி, அது வந்து..."

"அம்மாகிட்ட மட்டும் காட்டல. பார்க்க அழகில்லைன்னு எழுதியிருக்கீங்கல்ல, சண்டைக்கு வந்துடுவாங்க."

"அதுவும் சரிதான்," என்றார் ஓரெஸ்ட். கையைக் குலுக்கினார். "குனிஞ்சே நிக்காத. நிமிர்ந்து ஆடு." அப்படியே லாரியில் ஏறிவிட்டார்.

முகாமில் டுவேனை அனுப்பவில்லை. கீழ்மட்ட அணியில் இரண்டு வருடம் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு ஜனவரியில் மூன்று தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரே வாரத்தில் அடிபட, அவனை மேலே கூப்பிட்டார்கள். மேலே போனவன் பதினேழு வருடம் இறங்கவே இல்லை. வேகம் கிடையாது, அழகு கிடையாது. ஆனால் கோல் முன்னால் அவன் நின்றுவிட்டால் நகர்த்த முடியாது. ஒன்பது வருடம் அணித்தலைவன். இரண்டு கோப்பை. ஆட்டத்தை வர்ணிக்கிறவர்கள், "கொதிக்கிற தண்ணீரிலும் பிரியாத ஓஸ்டாஃபி!" என்று கத்தும்போதெல்லாம் ஓரெஸ்ட் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

அவர் உண்மையிலேயே கண்டுபிடித்த ஆட்களின் கதை வேறு. பிராண்ட் ஹால்வர்சன் என்று ஒருவன், காற்று மாதிரி ஓடுவான். அவனை முதல் சுற்றிலேயே எடுக்கவேண்டும் என்று ஓரெஸ்ட் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார். எடுத்தார்கள். பதினோரு ஆட்டம் ஆடிவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கெலோனாவுக்குப் போய்ப் படகு விற்க ஆரம்பித்துவிட்டான். பனியில் ஆடுகிறவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை! ஓரெஸ்ட் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இப்போது பட்டியல் வந்து பத்து நாளில் ஹாமில்டனிலிருந்து அழைப்பும் வந்தது. ஆட்டம் தொடங்குமுன் பனியில் கம்பளம் விரித்து விழா. ஓரெஸ்ட்டும் வெர்னாவும் விமானத்தில் போனார்கள். போகிற வழியெல்லாம் வெர்னா ஒரே பேச்சு.

"இந்தத் தடவை சொல்லலேன்னா சாகறப்போதான் சொல்லுவே. அப்ப மைக் கிடைக்காது."

அரங்கில் பதினேழாயிரம் பேர். கம்பளத்தில் ஓரெஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி டுவேன், தலை நரைத்து, கோட்டுப் போட்டு நின்றான். பக்கத்தில் நாற்காலியில் எண்பத்து நாலு வயது நெட்டி. இரண்டாவது வரிசையில் ஹென்ஷா கைத்தடியோடு. விளக்குகளை அணைத்து, நடுவில் தொங்கிய பெரிய திரையில் ஒன்றைப் போட்டார்கள். ஓரெஸ்ட்டின் கையெழுத்து. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த அதே பக்கம், வீடு அளவுக்கு.

நெட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அறிவிப்பாளர் அவள் உணர்ச்சிவசப்படுகிறாள் என்று நினைத்து மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"இது என் மகன் இல்லையே," என்றாள் நெட்டி. அரங்கம் முழுக்கக் கேட்டது. "இது என் பிரோகி!"

அவள் ஓரெஸ்ட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, அன்னிக்குக் கடையில நின்னு ரெண்டு தட்டுத் தின்னுட்டு, வெங்காயம் ஜாஸ்தின்னு சொன்னவன் நீதானே? மொகத்துக்கு நேரா சொன்னே! நான் இன்னும் மறக்கல!"

ஓரெஸ்ட் மைக்கை வாங்கினார். கூட்டத்தில் வெர்னா எங்கே என்று தேடினார்; அவள் கட்டைவிரலை உயர்த்திக்காட்டினாள்.

"அந்த அம்மா சொல்றது நெசம்," என்றார். "நான் எழுதினது சாப்பாட்டப் பத்தி. இவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க. நான் பயந்துக்கிட்டுச் சொல்லல. இந்தத் தேர்வுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. மன்னிச்சிடுங்க."

முதலில் சிரித்தது மேல்வரிசையில் யாரோ ஒருவர். பிறகு அரங்கமே சிரித்தது. இரண்டாவது வரிசையில் ஒரு கைத்தடி உயர்ந்தது.

"யோவ் படுபாவி!" என்று கத்தினார் ஹென்ஷா. "அந்தத் தாளை வெச்சு நான் இருபது வருஷம் புது ஆளுங்களுக்குப் பாடம் எடுத்தேனய்யா! வெங்காயத்துக்கு மட்டும் ஒரு மணிநேரம்!"

டுவேன் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய காது இரண்டும் சிவந்திருந்தன. கம்பளத்தில் நாலடி நடந்து ஓரெஸ்ட்டின் முன்னால் வந்து நின்றான்.

"அப்ப நீங்க என் ஆட்டத்தப் பார்க்கவே இல்லையா?"

ஓரெஸ்ட் இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார். "பார்த்தேன். பனியில போட்டிருக்கிற அந்த நீலக் கோடுகிட்ட யாரும் தள்ளாமலே விழுந்தே. அப்பதான் ரெண்டாவது தட்டு வாங்கப் போனேன்."

டுவேன் அவரையே பார்த்தான். "முகாம்ல தெனமும் காலையில அதை வாசிச்சிட்டுத்தான் போவேன். பிரியமாட்டேன்னு ஒருத்தர் எழுதிட்டாரே, இப்பப் போய்ப் பிரிஞ்சா எப்படின்னு." அவன் திரையைக் கையால் காட்டினான். "என்னைப் பத்தி எழுதலைன்னா என்ன? வேலை செஞ்சுதே." பிறகுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஓரெஸ்ட்டை அப்படியே தூக்கி இறுக்கிக்கொண்டான். கிழவர் கால் இரண்டும் கம்பளத்திலிருந்து எழும்பிவிட்டன.

"அப்ப மொத எடம் எனக்குத்தானே?" என்று நெட்டி அறிவிப்பாளரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் படத்தைப் போடச் சொல்லு."

திரும்பும் விமானத்தில் ஓரெஸ்ட் ஏறி உட்கார்ந்ததும் தூங்கினார். அவர் குறட்டை கேட்டு முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வெர்னா எழுப்பவில்லை.

மறுநாள் காலை யார்க்டனில் மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. புரோபேன் தீர்ந்த வீடுகள் காத்திருந்தன. முதல் நிறுத்தம் மெர்வின் என்பவருடைய பண்ணை. குழாயை மாட்டும்போது மெர்வின் வெளியே வந்தார்.

"உன்னை டிவியில பார்த்தோம்."

"ம்."

"கோட்டு தோள்பட்டையில சரியா நிக்கல."

"மச்சானோடது."

மெர்வின் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "என் பேத்தி சனிக்கிழமை ஆடறா. பதினாலு வயசு. ஆடத் தெரியுதா தெரியலையான்னு இங்க எவனும் தெளிவாச் சொல்ல மாட்டேங்கிறான். நீ வந்து பாரேன்."

"நானா? டிவியில நான் சொன்னதைக் கேட்டேதானே?"

"கேட்டேன். அதான் கூப்பிடறேன். உண்மையச் சொல்லுவே."

சனிக்கிழமை மதியம் ஓரெஸ்ட் போனார். மரப்பெஞ்சில் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். மெர்வினின் பேத்தி ஒல்லியாக, தலைக்கவசம் கண்ணை மறைக்க, இடதுபக்கம் நின்றாள். முதல் ஐந்து நிமிடம் அவளிடம் பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, வரவே இல்லை. ஆனால் பக் எங்கே போகப்போகிறதோ அங்கே ஒவ்வொரு முறையும் அவள் ஒரு நொடி முன்னால் போய் நிற்பதை ஓரெஸ்ட் கவனித்தார். முன்னால் சாய்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, மேல்சட்டைப் பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.