பெஞ்சில் கூட இருந்தவள்

நன்னடத்தை அதிகாரிக்கு அந்தப் பெயிண்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடித்துவிட்டுச் சண்டை போட்டு, ஓர் இளைஞனை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றவன். தண்டனையில் பெரும்பகுதியை உள்ளே கழித்துவிட்டு, மீதியை வெளியே அவளுடைய கண்காணிப்பில் கழிக்க விடப்பட்டவன். குடிக்கக் கூடாது, ஊரைத் தாண்டக் கூடாது, திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறாமல் போட்டான். கூடவே ஓர் அம்மாவும் வந்தாள்.

"இங்க வர்றவன் எல்லாம் வீட்டுக்குத் தெரியாம வருவான். இவன் பள்ளிக்கூடத்துக்கு வர்ற மாதிரி வர்றான்" என்று கிளார்க் கேலி செய்வார். அந்த அம்மா சிரிக்க மாட்டாள். வராந்தா பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவனைக் கூப்பிட்டால் அவளும் எழுந்து நிற்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. எட்டிப் பார்த்தால், பெஞ்சில் அந்த அம்மா மட்டும்.

"உங்க பையனுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எம் பையன் செத்து ஆறு வருஷமாச்சு. இவன்தான் தள்ளிவிட்டான்."

அதிகாரி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "அப்புறம் எதுக்கும்மா இவன்கூட?"

"கடைசியா எம் பையன் மேல பட்ட கை இவன் கைதானே" என்றாள் அவள், சாதாரணமாக. "பக்கத்துல உட்காந்தா மூச்சு விடற சத்தம் கேக்கும். இன்னிக்கு வர மாட்டானா?"

மறுவாரம் அதிகாரி அவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது மேடம்? பஸ் ஏறுனா ஏறுவாங்க. நான் பெயிண்ட் அடிச்சா எதிர்ல வந்து நிப்பாங்க. ஒரு நாளும் திட்டுனதில்ல."

"இனிமே வியாழக்கிழமை வா. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

வியாழனன்று இருவரும் பெஞ்சில் இருந்தார்கள். கிளார்க் உதட்டைப் பிதுக்கினார்.

"நான்தான் மேடம் போய்ச் சொன்னேன்" என்றான் பெயிண்டர். "திங்கக்கிழமை வந்து தனியா உட்காந்திருப்பாங்களே."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. அவங்க இல்லன்னா இன்னும் பயமா இருக்கு."

அதற்கு மேல் அதிகாரி தடுக்கவில்லை. அவள் வேலை அவனைக் கண்காணிப்பது. அதை அவளைவிட நன்றாக வேறொருத்தி செய்துகொண்டிருந்தாள்.

தண்டனைக் காலம் முடிந்து, விடுவித்த காகிதத்தை அதிகாரி நீட்டினாள். அந்த அம்மா கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்மா."

மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். அவன் ஓரடி பின்னால் போனான். ஜன்னல் வழியே அதிகாரி பார்த்தாள். அவன் வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. அவன் ஏறவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் அந்த அம்மா ஏறினாள்; அவனும் ஏறினான்.