மீட்டர் காட்டிய மைலேஜ்

மயிலாப்பூரில் கல்யாணங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். ஒரே ஒரு பிக்கப் வண்டி. பதினோரு வருஷமாக அதை ஓட்டியவர் ஒருவர்தான். அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். அங்கிருந்து எல்லோரையும் அரசு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிய பிறகும், இரண்டு பஸ் மாறி காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து நிற்பார்.

ஒரு மழையில், ஆதம்பாக்கத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுபோனது. பாத்திரம் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆத்திரத்தில் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டினேன். நாற்காலி அடுக்க மேலே இரும்புக் கூண்டும் கட்டினேன்.

"வோணாண்ணா, வண்டி வெயிட்டாயிடும்" என்றார். நான் கேட்கவில்லை.

அதிலிருந்து மைலேஜ் விழுந்தது. லிட்டருக்குப் பதிமூன்று கொடுத்த வண்டி. டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பும்வரை ஓடியதை வகுத்துப் பார்த்தால் பத்தரைதான் வந்தது. வண்டியின் மீட்டர் திரையும் அதையே காட்டியது. கொஞ்சம் குறையும் என்று தெரியும். இவ்வளவா? மூன்று மாதம் பொறுத்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"டீசல் எங்க போவுது?"

கையில் சாவியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாண்ணா, நான் எடுக்கறேன்றியா?"

"மீட்டர் பொய் சொல்லுமா?"

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் கூப்பிடவில்லை. அடுத்த வாரம், ஆழ்வார்பேட்டையில் வண்டி வைத்திருக்கும் ஒருவர் அவரைப் பற்றிப் போனில் விசாரித்தார். "நல்லா ஓட்டுவார். டீசல்ல மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியம் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

புது டிரைவர் வந்தார். அதே பத்தரை. அவரையும் நம்பாமல் ஒரு நாள் நானே காஞ்சிபுரத்துக்கு ஓட்டிப்போனேன். போன் மேப் எழுபத்தைந்து கிலோமீட்டர் என்றது. மீட்டரில் ஓடியிருந்தது அறுபத்தெட்டு.

டயர் கடைக்காரர் சிரித்தார். "மீட்டரு, சக்கரம் எத்தினி தபா சுத்துதுன்னுதான் எண்ணும் சார், அதுவும் பழைய டயர் அளவுக்கு. இந்த டயர் ஒரு சுத்துக்குக் கூடப் போவுது. நூறு ஓடினா தொண்ணூறுதான் காட்டும்."

அப்படியானால் லிட்டருக்குப் பதினொன்றரைக்கு மேல் ஓடியிருக்கிறது. மிச்சக் குறை கூண்டும் டயரும் தின்றது. ஒரு சொட்டுகூட வேறெங்கும் போகவில்லை.

விசாரித்து விசாரித்துப் பழைய டிரைவரைக் கண்டுபிடித்தேன். அடையாறில் ஒரு குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்குத் திரும்பி வரச் சொன்னேன்.

"வேல போனதுகூடப் பரவால்லண்ணா" என்றார். "எவனும் ஸ்டேரிங் குடுக்கல, அதுவும் போவட்டும். எம்பொண்ணு கேட்டா. 'நீ எடுத்தியாப்பா?'ன்னு. இல்லன்னேன். சரிப்பான்னா. நம்பலண்ணா அவ."

"என்னை மன்னிச்சுடு."

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவகிட்ட சொல்லு."

அவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். அன்று மதியமே போனேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம் டயரையும் மீட்டரையும் பற்றிச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அப்ப, அப்பா அன்னிக்கு சொன்னது நெசந்தான்."

"நெசம்மா."

சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். வாடிக்கையாளர் வந்ததும் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நான் படியிறங்கினேன். அவள் அப்பா என் வண்டிக்குத் திரும்பி வரவே இல்லை.