ரூமுக்கு வெளியே அஞ்சு ஜோடி

மாரிக்கண்ணன் சார் நாரணாபுரத்து ஆளு. அவுக அம்மா தீப்பெட்டி ஒட்டிப் படிக்க வச்சு, இப்ப மதுரையில காலேஜ் வாத்தியாரு. வெயிலுக்குன்னு அரசாங்கம் போடுற திட்டத்துல யாரைச் சேக்குறாக, யாரை விடுறாக, அதுல என்ன அரசியல்னு ஆராயுறதுதான் அவுக வேலை. "ரோட்டு வேலைக்காரங்களுக்கு மோர்ப்பந்தல் இருக்கு. பட்டாசு ரூமுக்கு ஒரு வரி கூட இல்லையேக்கா"ம்பாக. எனக்கென்ன தெரியும்? பட்டாசுக்கு மருந்து அடைச்சுக்கிட்டே கேப்பேன்.

ஆனா அவுக கண்ணு பொல்லாதது. எங்க ரூமுக்குள்ள செருப்போட யாரும் போகமாட்டோம், உரசி ஒரு பொறி வந்தா போச்சு. அதனால வாசல்ல கெடக்குற செருப்பைத்தான் எண்ணுவாக. "பதிவேடு பொய் சொல்லும், செருப்பு சொல்லாது"ம்பாக.

போன சித்திரையில வந்தப்போ உள்ள நாலு பேரு. வெளிய அஞ்சு ஜோடி.

ரூமுக்கு நாலு பேருதான் சட்டம். அஞ்சாவது ஆளு பாண்டிலட்சுமி. வெளியாளு வந்தா போர்மேன் அவளைப் பின்னால தகரக் குடோனுக்குள்ள விட்டுத் தாழ்ப்பாப் போட்டுருவாரு. அன்னைக்கும் ஆளை ஒளிச்சவருக்குச் செருப்பு நெனப்பு வரல.

சார் அந்த ஜோடியவே பாத்தாக. ஊக்கு மாட்டுன நீல வாரு. "இது யாருதுக்கா?"

வாயில வந்ததைச் சொன்னேன். "முந்தி இங்கன செத்துப்போன அய்யம்மாளோடது சார். தூக்கிப் போட்டாலும் மறுநா வாசல்லயே கெடக்கு. தொடாதீக."

வெளியூர்க்காரரா இருந்தா சிரிச்சிருப்பாரு. இவுக நம்ம ஊரு. ஒரு எட்டு பின்னால வச்சு, நோட்டுல நாலுன்னு எழுதுனாக. பெறகு ஒரு மணி நேரம் வெயிலைப் பத்திக் கேட்டாக. தலை சுத்துமா, தண்ணி எம்புட்டுக் குடிப்பீகன்னு. நடுவுல தகரத்துல லேசாத் தட்டுற சத்தம் ரெண்டு தடவ கேட்டுச்சு. காத்துன்னேன். வேப்பமரத்துல ஒரு இலை அசையல.

சார் போன பெறகு தாழ்ப்பாளைத் தொறந்தோம். பாண்டிலட்சுமி கதவுல சாஞ்சு உக்காந்திருந்தா. உடம்பு அடுப்புக்கல்லாக் கொதிச்சுது, உசிரு இல்ல. கம்பெனியில மாரடைப்புன்னு சொல்லிட்டாக. நான் நாசமாப் போக.

மறுநா சார்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். திட்டுவாகன்னு பாத்தேன். தன் தலையிலயே அடிச்சுக்கிட்டாக. நாலை அடிச்சு அஞ்சுன்னு திருத்தி, அவ பேரோட சென்னையில பெரிய ஆபீசுக்குக் கொண்டுபோனாக. பதிவேட்டுல நாலுதானே இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். வருசம் பூரா அலைஞ்சு ஆளு பாதியாப் போனாக.

இந்தச் சித்திரையிலயும் வந்தாக. இப்ப பயத்துல நாலு பேருக்கு மேல சேக்குறதில்ல. குடோனையும் இடிச்சாச்சு. சார் முத வேலையா வாசலைப் பாத்தாக. நானும் பாத்தேன்.

அஞ்சு ஜோடி. கடைசியில ஊக்கு மாட்டுன நீல வாரு.

"யாருதுக்கா?"

"அவளைப் பொதைக்கையில இதையும் குழிக்குள்ள போட்டது நாந்தான் சார். இந்தத் தடவ பொய் சொல்லல."

சார் குனிஞ்சு அந்த ஊக்கைப் பாத்தாக. பெறகு நோட்டைத் தொறந்து, அஞ்சுன்னு எழுதுனாக.