உப்பு ஏரியில் விரால் அடிப்பான்

கல்கத்தாவுக்குக் கிழக்கே உள்ள உப்பு ஏரிக்குப் பனிக்காலத்தில் மட்டும் ஒரு பருந்து வந்து மீன் பிடிக்கிறது என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது. நம் ஊர்ப்பக்கம் விரால் அடிப்பான் என்போமே, அதுதானா என்று அறிய எனக்கு ஆசை. மார்கழி ஞாயிறு ஒன்றில், தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருக்கும் சக குமாஸ்தா சுப்பராமனுடன் கிளம்பினேன்.

பவானிப்பூரில் காலை ஐந்தரைக்குக் குதிரைவண்டி ஏறினோம். பேலியாகாட்டா கால்வாய்த்துறை நாலரை மைல். வாடகை பன்னிரண்டு அணா. அங்கே ஹரிபதா என்ற செம்படவர் நாள் முழுவதற்கும் எட்டணா பேசிப் படகில் ஏற்றிக்கொண்டார். எட்டு மணிக்கு ஏரி விரிந்தது.

நட்டிருந்த மூங்கில் உச்சியில் அது இருந்தது. வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, காலடியில் துடிக்கும் மீன். விரால் அடிப்பானேதான்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போவோம் ஓய்" என்று சுப்பராமன் எழுந்து நின்றார். நூறு கஜம் இருக்கும்போதே அது பறந்துவிட்டது. அடுத்த மூங்கிலுக்குப் போனோம், மறுபடி பறந்தது. மூன்றாம் முறை எழும்பியபோது மீன் நழுவியது. எங்கிருந்தோ வந்த கள்ளப்பருந்து ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

ஹரிபதா கழி ஊன்றுவதை நிறுத்தினார். "ஒரு மீனுக்கு அது எத்தனை தடவை இந்தக் குளிர் தண்ணியில விழுந்து எழும்பணும், தெரியுமா பாபு?" என்று வங்காளியில் கேட்டார்.

சுப்பராமன் உட்கார்ந்தார். எனக்கும் முகம் சுண்டிவிட்டது. ஆனால் ஒன்று விளங்கவில்லை. சற்றுமுன் மற்றச் செம்படவர்களின் வலைப்படகுகள் முப்பது கஜத்தில் போனபோதுகூட அது அசையவில்லையே? ஹரிபதாவிடமே கேட்டேன்.

"நாங்க எங்க வழியில போறோம். நீங்க நேரா அது மேலேயே வர்றீங்க, நிக்கிறீங்க, கையை நீட்டுறீங்க. துப்பாக்கிக்கார துரைங்களும் அப்படித்தான் வருவாங்க, பாபு."

சோதித்துப் பார்க்கலாம் என்று நாணலோரம் படகைக் கட்டிக் குனிந்து உட்கார்ந்தோம். அது பலமுறை பாய்ந்து வெறுங்காலோடு எழுந்தது. பதினொன்றேகாலுக்கு ஒரு மீனோடு வந்து, நாற்பது கஜத்தில் அமர்ந்து தின்னத் தொடங்கியது. கண்ணாடி சுப்பராமன் மடியிலேயே கிடந்தது. கையை உயர்த்த அவருக்குத் துணிவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: துர்கா பூஜை கழிந்ததிலிருந்து பங்குனிவரை அது இங்கே இருக்குமாம். படகை அதன்மேல் நேரே விடச் சொல்லாதீர்கள். தள்ளியே கட்டிவிட்டு, எழுந்து நிற்காமல் காத்திருங்கள். கட்டுச்சாதம் அவசியம். நாங்கள் முதலிலேயே படகைத் தள்ளிக் கட்டியிருந்தால் எட்டு மணிக்கே அதைக் கண்ணாரப் பார்த்திருப்போம். அதுவும் எட்டு மணிக்கே பசியாறியிருக்கும்.